தலையணை உறை தைக்கும்போது வரும் குறைகள்: மெசினைத் திட்டுவதற்கு முன்

நாலு நேர்த்தையல்தானே, இதற்கு ஏன் தையற்காரரிடம் போக வேண்டும் என்று சொல்லித்தான் எல்லோரும் தலையணை உறையில் கை வைக்கிறார்கள். நானும் அப்படித்தான். திருகோணமலை உப்புவெளியில் எங்கள் வீட்டு விறாந்தையில் அம்மம்மாவின் மிதி மெசின் நிற்கிறது. அதில் நான் தைத்த முதல் உறைக்குள் தலையணை போகவில்லை. இரண்டாவதுக்குள் போனது, விடிவதற்குள் வெளியே வந்துவிட்டது. மூன்றாவது, பிழிந்த துணிபோல முறுக்கிக்கொண்டு நின்றது. மூன்றிலும் மெசினில் ஒரு குறையும் இருக்கவில்லை.

கீழே இருப்பதை முழுவதும் வாசிக்கத் தேவையில்லை. உங்கள் உறையில் தெரியும் குறி எதுவோ அங்கே போங்கள். ஆனால் ஒரு கண்டிப்பு: எந்தக் குறையானாலும் எடுத்த எடுப்பில் நூலின் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகாணியைத் திருகாதீர்கள். முதலில் மேல்நூலை முழுவதும் கழற்றி மறுபடி கோத்துப் பாருங்கள். தீராவிட்டால் ஊசியை மாற்றுங்கள். அடுத்தது பொபின், அதாவது அடிநூல் சுற்றிய சின்ன உருளை. திருகாணி கடைசி. இந்த வரிசை செலவு குறைந்ததிலிருந்து கூடியதற்குப் போகிறது. பெரும்பாலான குறைகள் முதலிரண்டு படியிலேயே தீர்ந்துவிடும்.

தோய்த்த பிறகு உறை தலையணைக்குப் போதவில்லை

துணியைத் தோய்க்காமல் வெட்டியிருக்கிறீர்கள். புதுப் பருத்தித் துணி முதல் தோய்ப்பில் 3 முதல் 5 வீதம் வரை சுருங்குவது வழக்கம். 27 அங்குல உறையில் 5 வீதம் என்றால் ஒன்றேகால் அங்குலத்துக்கும் மேல். தறியில் இழுத்துக் கட்டப்பட்டிருந்தது பாவு நூல் என்பதால் பெரும்பாலும் நீளவாட்டில்தான் கூடுதலாகச் சுருங்கும்.

கடையிலிருந்து கொண்டுவந்த துணியை இரவு முழுவதும் தண்ணீரில் ஊறவைத்து, காயப்போட்டு, சற்று ஈரம் இருக்கும்போதே அழுத்தி, பிறகு வெட்டுங்கள். கச்சான் அடிக்கும் மாதங்களில் எங்கள் பக்கம் கொடியில் போட்டுவிட்டுத் தேநீர் குடித்து வருவதற்குள் துணி அப்பளமாகிவிடும். நான் சொல்வது காற்றை, கோயில் வாசலில் விற்கும் கச்சானை அல்ல. அப்படி மொறுமொறுத்துப் போனால் தண்ணீர் தெளித்துச் சுருட்டிவைத்துவிட்டு அழுத்துங்கள்.

அளவிலும் ஒரு சிக்கல் உண்டு. புதிதாக இலவம் பஞ்சு திணித்த தலையணை கல்போல உருண்டிருக்கும். அதன் மேல் அளவுநாடாவை அந்தரத்தில் நேராகப் பிடித்து அளந்தால் குறைவாகக் காட்டும். ஒரு தையலோரத்திலிருந்து மற்றத் தையலோரம் வரை, முதுகின் வளைவோடு நாடாவைப் படியவைத்து அளக்க வேண்டும்.

எங்கள் வீட்டுத் தலையணை அப்படி அளந்தால் 18 அங்குலத்துக்கு 27. நான் வெட்டுவது 20 அங்குல அகலம், 64 அங்குல நீளம், ஒரே துண்டு. அகலக் கணக்கு: 18, தளர்வுக்கு அரை, இரு பக்கத் தையலுக்கும் முக்கால் முக்காலாக ஒன்றரை. நீளக் கணக்கு: முன்னுக்கு 27, பின்னுக்கு 27, ஆக 54, தளர்வு 1, உள்ளே மடியும் மடல் 6, வாய்ப்பக்க மடிப்பு இரண்டரை, மடலின் ஓர மடிப்பு அரை.

சுருங்குவதையும் சேர்த்தால் 1.75 மீற்றர் வாங்க வேண்டும். கடையில் விலையைக் கேட்பதற்கு முன் துணியின் அகலத்தைக் கேளுங்கள். 45 அங்குல அகலத் துணியென்றால் அந்த 1.75 மீற்றரில் இரண்டு உறைகள் பக்கம் பக்கமாக வரும். 36 அங்குலத் துணியில் ஒன்றுதான் வரும். மிச்சம் 16 அங்குலக் கீற்று கைபிடித் துணிக்குத்தான் உதவும். மத்திய வீதியில் ஒரு கடையில் மீற்றருக்கு மலிவு என்று நான் மகிழ்ந்து வாங்கியது 36 அங்குலத் துணி. வீட்டில் இன்றுவரை கைபிடித் துணிக்குப் பஞ்சமில்லை.

ஏற்கெனவே சுருங்கிவிட்ட உறையை என்ன செய்வது? நீளம் மட்டும் போதாவிட்டால் வாய்ப்பக்கத்தில் வேறு நிறத் துணியில் 3 அங்குலப் பட்டி சேர்க்கலாம். அழகுக்குச் செய்ததுபோலவே இருக்கும். அகலம் போதாவிட்டால் சின்னத் தலையணைக்குக் கொடுத்துவிடுங்கள்.

உறை நேராகக் கிடக்காமல் முறுக்கிக்கொள்கிறது

துணியை நூலோட்டத்தில் வெட்டவில்லை. கடையில் கத்தரிக்கோலால் வெட்டித் தரும் முனை நேராக இருக்கும் என்று நம்பக்கூடாது. பொப்லின் போன்ற துணியில் கரைக்குப் பக்கத்தில் சின்னதாக வெட்டி இரு கையாலும் கிழியுங்கள். குறுக்கே ஓடும் ஊடைநூலின் வழியிலேயே கிழிந்து போகும். கைத்தறித் துணியைக் கிழிக்க மனம் வராது. குறுக்கே ஒரு நூலை மட்டும் உருவியெடுத்தால் அந்த இடத்தில் கோடு விழும், அதன்மேல் வெட்டலாம். பிறகு துணியை நீளவாட்டில் இரண்டாக மடியுங்கள். கரைகள் பொருந்தியும் முனைகள் பொருந்தவில்லையென்றால் துணியே கோணியிருக்கிறது. நனைத்து, குட்டையான மூலைவிட்டத்தின் இரு நுனியையும் இருவர் பிடித்து இழுத்தால் பெரும்பாலும் சரிவரும்.

கோணத் தைத்துவிட்ட உறைக்கு மருந்தில்லை. அழுத்தினால் அன்றைக்கு மட்டும் நேராக நிற்கும், அடுத்த தோய்ப்பில் பழையபடி.

புதிதாகப் பழகுபவர்களுக்கு நான் சொல்வது பழைய கட்டம் போட்ட சாரத்தை எடுங்கள் என்பதுதான். ஐம்பது தடவை தோய்ந்த துணி இனிச் சுருங்காது. கட்டமே கோடாக இருப்பதால் அடிமட்டம் வேண்டாம். வெட்டுவதற்கு முன் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பாருங்கள். உட்காரும் இடம் நைந்திருக்கும், அதைத் தள்ளிவிடுங்கள்.

தையலின் அடிப்பக்கத்தில் நூல் கூடு கட்டுகிறது

நிலாவெளியிலிருந்து என் பெறாமகள் ஒரு மாலை அழைத்தாள்.

"பெரியம்மா, அடிநூல் சிக்குகிறது. பொபின் திருகாணியை நன்றாக இறுக்கிவிட்டேன், இன்னும் மோசமாகிவிட்டது."

"அதை ஏன் பிள்ளை தொட்டாய்? மேல்நூலைக் கழற்று."

"சிக்குவது கீழே, பெரியம்மா."

"கீழே சிக்கினால் மேலே பார்க்க வேண்டும். கழற்று."

அவள் நம்பவில்லை. நம்பாததில் பிழையுமில்லை, கண்ணுக்குத் தெரிவது அடிப்பக்கம்தானே. காரணம் இப்படி. மெசின் தையல் இரண்டு நூல் பூட்டிக்கொள்ளும் தையல். 1846 இல் எலியாஸ் ஹோ அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற மெசினிலேயே இந்த முறைதான். ஊசி மேல்நூலைக் கீழே கொண்டுபோய் ஒரு வளையம் விடுகிறது. அந்த வளையம் பொபினைச் சுற்றி வந்ததும், மேலும் கீழுமாக ஆடும் நூல் கொக்கி அதை மேலே இழுத்து, பூட்டைத் துணியின் நடுவில் உட்காரவைக்கிறது. மேல்நூலில் இறுக்கம் இல்லையென்றால் இழுக்கும் வேலை நடக்காது. வளையம் வளையமாகக் கீழேயே கிடந்துவிடும். அதுதான் நீங்கள் காணும் கூடு.

மேல்நூலில் இறுக்கம் இல்லாமல் போவது பெரும்பாலும் ஒரே காரணத்தால்: துணியை அழுத்திப் பிடிக்கும் மெசின் பாதத்தை இறக்கிவைத்துக்கொண்டு நூல் கோத்திருப்பீர்கள். பாதம் கீழே இருக்கும்போது நூலை இறுக்கும் இரு தட்டுகளும் ஒட்டி மூடியிருக்கும். நூல் இடையில் நுழையாமல் விளிம்பில் தொங்கும். ஆகவே பாதத்தைத் தூக்குங்கள், கைச்சக்கரத்தைச் சுற்றி நூல் கொக்கியை உச்சிக்குக் கொண்டுவாருங்கள், முதலிலிருந்து கோத்துவிடுங்கள். கோத்ததும் பாதத்தை இறக்கி நூலை இழுத்துப் பாருங்கள். நன்றாகப் பிடிக்க வேண்டும். பாதத்தைத் தூக்கினால் வழுக்கிக்கொண்டு வர வேண்டும். இரண்டு நிலையிலும் ஒரேமாதிரி வந்தால் நூல் இன்னும் தட்டுக்குள் போகவில்லை.

கூடு தையலின் தொடக்கத்தில் மட்டும் விழுந்தால் வேறு காரணம். முதல் மூன்று நான்கு தையலுக்கு இரு நூல் நுனிகளையும் பாதத்துக்குப் பின்னால் இழுத்து விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். விட்டுவிட்டால் உள்ளே இழுபட்டுப்போகும். துணியின் நுனி விளிம்பிலேயே தொடங்காமல் அரை அங்குலம் உள்ளே தொடங்கி, பின்னே வந்து, பிறகு முன்னே போங்கள்.

மிதி மெசின்காரருக்கு இன்னொன்று. சக்கரம் எதிர்த்திசையில் அரைச் சுற்றுச் சுற்றினாலே நூல் சிக்கும், அறும். கால் பழகும்வரை நூல் கோக்காமல், பாதத்தைத் தூக்கிவைத்து, வெறுமனே மிதித்துப் பழகுங்கள். அம்மம்மா எனக்கு இரண்டு நாள் வெறும் மிதிதான் தந்தார். அப்போது அது தண்டனைபோல இருந்தது.

பெறாமகள் மறுபடி நூல் கோத்தாள், சிக்கல் போய்விட்டது. ஆனால் இறுக்கிவைத்த பொபின் திருகாணியை மீட்க அவளுக்கு இன்னொரு மாலை போனது. அதற்கான வழி அடுத்தது.

மேற்பக்கத்தில் அடிநூல் கோடாகத் தெரிகிறது

மேல்நூல் கூடுதல் இறுக்கம், அல்லது பொபின் கூடுதல் தளர்வு. முதலில் மேல் இறுக்கத்தை ஒரு எண் குறையுங்கள். மேல்நூலுக்கு ஒரு நிறம், பொபினுக்கு வேறு நிறம் போட்டுத் துண்டுத் துணியில் தைத்துப் பார்த்தால் எது எதை இழுக்கிறது என்று ஐயமில்லாமல் தெரியும்.

பொபின் உட்காரும் உலோகக் கூடு தனியாகக் கழன்று வரும் மெசினானால் ஒரு சோதனை உண்டு. நூல் நுனியைப் பிடித்துக் கூட்டைத் தொங்கவிடுங்கள். தானாக வழுக்கிக் கீழே ஓடினால் தளர்வு. மெல்லக் குலுக்கும்போது சற்று இறங்கி நின்றால் சரி. குலுக்கியும் அசையாவிட்டால் இறுக்கம். கூட்டிலுள்ள திருகாணியைத் திருப்புவதானால் கடிகாரத்தின் நிமிட முள் ஐந்து நிமிடத்தில் நகரும் அளவு மட்டும். தட்டின்மேல் வைத்துத் திருப்புங்கள். அந்தத் திருகாணி கடுகளவுதான், நிலத்தில் விழுந்தால் விறாந்தை முழுவதும் தவழ வேண்டிவரும்.

தையல் தாவுகிறது, நூல் அறுகிறது

ஊசி. பத்தில் எட்டுத் தடவை ஊசி என்று எழுதக் கை வருகிறது, நான் எண்ணிப் பார்த்ததில்லை என்பதால் எழுதவில்லை.

உப்புவெளி என்ற பெயரிலேயே உப்பு இருக்கிறது. கடற்காற்றுக்கு ஊசி மெசினிலேயே துருப்பிடிக்கும், மாரி மாதங்களில் இன்னும் விரைவாக. கண்ணுக்குத் தெரியாத துரு நூலை அராவும். ஊசிப் பொதியை மூடிய போத்தலில் வையுங்கள். மெசினில் பூட்டிய ஊசியை ஏறத்தாழ 8 மணி நேரத் தையலுக்கு ஒருமுறை மாற்றுவது பொதுவான பழக்கம். தலையணை உறைக்கு ஏற்ற பருத்தித் துணிக்கு 14 ஆம் இலக்க ஊசி. மெல்லிய வொயில் போன்றதற்கு 11.

புது ஊசி போட்டும் தாவினால் பூட்டிய திசை பிழை. ஊசித் தண்டில் நீளமான பள்ளம் ஒரு பக்கம் ஓடும். ஊசிக்கு மேலே நூல் கடைசியாக நுழைந்து வரும் வளையம் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கத்தைப் பள்ளம் பார்க்க வேண்டும். நூலும் அந்தப் பக்கமிருந்தே கண்ணுக்குள் போக வேண்டும். இன்றைய மின்மெசின்களில் தட்டையான பக்கம் பின்னோக்கி இருக்கும். பழைய கறுப்பு மெசின்கள் பலவற்றில் அது பக்கவாட்டில் இருக்கும். சிங்கர் இலங்கைக்கு வந்தது 1877 இல். அதனால் இங்கே மூலைக்கு மூலை பழைய மெசின் உண்டு, புதியதற்குச் சொன்ன விதியைப் பழையதில் பூட்டித் தலையைப் பிய்த்துக்கொள்பவர்களும் உண்டு. ஊசியைத் தடுக்கும்வரை மேலே ஏற்றித்தான் இறுக்க வேண்டும்.

இன்னும் அறுந்தால் நூலைப் பாருங்கள். ஒரு முழம் எடுத்துச் சட்டென்று இழுங்கள். பஞ்சுபோலப் பிரிந்து போனால், அது அம்மம்மா காலத்து நூற்கட்டை; கையால் தெறி தைக்கக்கூட உதவாது. அதுவும் நன்றாயிருந்தால், ஊசி இறங்கும் தட்டின் துளையை விரல் நுனியால் தடவுங்கள். ஊசி உடைந்தபோது விழுந்த கீறல் நூலை வெட்டும். மிக மெல்லிய எமரித் தாளை உருட்டித் தேய்த்தால் போதும்.

வாய்ப்பக்க மூலையில் மெசின் ஏற மறுக்கிறது

மடல், மடிப்பு, முன்பக்கம், பின்பக்கம் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக அங்கே குவிகின்றன. பாதம் மேட்டில் ஏறும்போது மூக்கைத் தூக்கிக்கொள்ளும், ஊசி வளையும், சில வேளை உடைந்து தெறிக்கும். மேடு வந்ததும் மிதிப்பதை நிறுத்திவிட்டுக் கைச்சக்கரத்தால் ஒவ்வொரு தையலாகப் போடுங்கள். பாதத்தின் பின்பகுதிக்கு அடியில் அதே தடிப்புக்கு மடித்த துண்டுத் துணியை வைத்தால் பாதம் மட்டமாக நிற்கும். தைப்பதற்கு முன் மேட்டை ஈரத் துணி போட்டு அழுத்தினால் பாதித் தடிப்புக் குறைந்துவிடும். இவ்வளவும் செய்தும் முடியாவிட்டால் 16 ஆம் இலக்க ஊசி.

உறையின் உள்ளோரம் நூல் நூலாகப் பிரிகிறது

ஓரத்தை வெறுமனே விட்டிருக்கிறீர்கள். ஓவர்லொக் மெசின் இல்லாத வீட்டுக்குப் பிரெஞ்சுத் தையல்தான் நல்லது. துணியின் நல்ல பக்கம் வெளியே இருக்கும்படி வைத்துக் கால் அங்குலத்தில் ஒரு தையல். ஓரத்தை அதில் பாதியாக நறுக்கி, உட்புறம் வெளியே வரப் புரட்டி, அழுத்தி, அரை அங்குலத்தில் இரண்டாவது தையல். வெட்டிய ஓரம் முழுவதும் இரண்டுக்கும் இடையில் சிறைப்பட்டுவிடும். மேலே நான் பக்கத்துக்கு முக்கால் அங்குலம் விட்டது இதற்குத்தான். நறுக்காமல் சோம்பல்பட்டால் வெளிப்பக்கத் தையலில் தாடிபோல நூல் எட்டிப் பார்க்கும்.

மடல் உள்ளே போகாமல் வெளியே நிற்கிறது

பிரெஞ்சுத் தையலுக்கு மாறும் எல்லோரும் ஒருதடவை இதில் விழுவார்கள். சாதாரண ஒற்றைத் தையலில் உறையை உட்புறம் வெளியே இருக்கத்தக்கதாக மடித்து, மடலை எல்லாவற்றுக்கும் மேலே போடுவோம். புரட்டியதும் அது உள்ளே போய்விடும். பிரெஞ்சுத் தையலில் முதல் தையல் நல்ல பக்கம் வெளியே வைத்துப் போடுவது. ஆகவே முடிந்த உறை எப்படி இருக்குமோ அப்படியே அடுக்க வேண்டும்: பின்பக்கத்தை விரித்து, மடலை அதன்மேல் உட்புறமாக மடித்து, அதன்மேல் முன்பக்கத்தைப் போர்த்துங்கள். மடல் நடுவில் இருக்க வேண்டும். குண்டூசி குத்தியபின் உறைக்குள் கைவிட்டுப் பாருங்கள். தலையணை போகும் பை எது, மடல் எது என்று கைக்குத் தெரியும்.

தலையணை வாயால் வெளியே எட்டிப் பார்க்கிறது

மடல் சிறிது. 6 அங்குலத்துக்குக் குறைத்தால் புரண்டு படுக்கும் பிள்ளைகளுக்குத் தாங்காது. பிரிக்காமல் தீர்க்க, வாயின் உட்புறம் இரண்டு சோடி நாடா வைத்துக் கட்டலாம். தெறி வைத்தால் கன்னத்தில் அச்சு விழும்.

தையலோரம் சுருக்குப்பை போலச் சுருங்குகிறது

தையல் நீளத்தை இரண்டரை மில்லிமீற்றருக்கு வையுங்கள், அங்குலத்துக்கு ஏறத்தாழ 10 தையல். மேல் இறுக்கத்தைக் குறையுங்கள். பொலியெஸ்டர் நூலை வேகமாகச் சுற்றிய பொபினானால் நூல் இழுபட்டு நீண்டிருக்கும். தைத்தபின் பழைய நீளத்துக்குத் திரும்பித் துணியையும் இழுத்துக்கொள்ளும். மெல்லச் சுற்றுங்கள். துணியை முன்னிருந்தும் பின்னிருந்தும் இழுக்காதீர்கள். நகர்த்துவது அடியிலுள்ள பல்லின் வேலை.

உறைமேல் பஞ்சு பூத்திருக்கிறது

வெளியுறையில் குறையில்லை, உள்ளுறையில்தான். இலவம் பஞ்சின் இழை குட்டை, வழுவழுப்பு, மெழுகுத்தன்மை உடையது. நெசவில் சின்ன இடைவெளி கிடைத்தாலும் நழுவி வெளியே வரும். நெருக்கமாக நெய்த துணியில் இன்னொரு உள்ளுறை தைத்துப் பழையதோடு சேர்த்து மூடிவிடுங்கள். பஞ்சைக் கொட்டி மாற்ற முனைந்தால் வீட்டில் மூன்று நாள் தும்மல்.

மிதிக்க மெசின் கல்லாகக் கனக்கிறது

தேங்காய் எண்ணெய் விட்டீர்களா? உண்மையைச் சொல்லுங்கள். நான் விட்டிருக்கிறேன். அது சில மாதத்தில் பசையாகி, பஞ்சுத் தூசியையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். மிதி மெசினானால் எண்ணெய்த் துளைகளில் இரண்டு துளி மண்ணெண்ணெய் விட்டு, நூலில்லாமல் ஓட்டி, கறுத்து வடிவதைத் துடைத்து, பிறகு தையல் மெசின் எண்ணெய் விடுங்கள். மின்மெசினுக்கு இந்த வைத்தியம் வேண்டாம். செருகியைக் கழற்றிவிட்டுத் தட்டுக்கு அடியில் அடைந்திருக்கும் தும்பைத் தூரிகையால் எடுங்கள், எண்ணெயை அதன் கையேடு சொல்லும் இடத்தில் மட்டும் விடுங்கள். சக்கரம் இலகுவாகச் சுற்றியும் மிதி வழுக்கினால் தோல் வார் தளர்ந்திருக்கிறது. கால் அங்குலம் வெட்டி மறுபடி கொளுவ வேண்டும். மாரியில் வார் நீளும். அதனால் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டுங்கள், வெட்டியதை ஒட்ட முடியாது.

எண்ணெய் விட்டபின் முதல் பத்து அங்குலத்தைப் பழந்துணியில் தையுங்கள். வெள்ளை உறையில் துருக்கறை பட்டுவிட்டால் தேசிக்காய்ச் சாறும் உப்பும் தடவி வெயிலில் வைத்து அலசுங்கள், போய்விடும். நிறத் துணியில் செய்தால் கறையோடு நிறமும் போகும்.

நிறம் தலையணைக்கும் கன்னத்துக்கும் இறங்குகிறது

பத்திக் துணியிலும் கடுஞ்சிவப்பிலும் வரும் தொல்லை இது. உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் நிறம் பிடிக்கும் என்று எல்லா வீட்டிலும் சொல்வார்கள். சாயமிடும் தொட்டியில் உப்புக்கு வேலை உண்டு, சாயமிட்டு முடிந்த துணியில் அது நிறத்தைப் பூட்டாது. குளிர்ந்த தண்ணீரில் தனியாக, தண்ணீர் தெளியும்வரை அலசுங்கள். பிறகு நனைத்த வெள்ளைத் துண்டை மேலே வைத்து அழுத்திப் பாருங்கள். வெள்ளையில் நிறம் ஏறினால் இன்னொரு அலசல். ஏழெட்டு அலசலுக்குப் பிறகும் இறங்கினால் அதைத் தலையணைக்கு விடாமல் கதிரை மெத்தைக்கு உறையாக்கிவிடுங்கள், வெள்ளை வேட்டிக்காரர் வந்து அமராத கதிரையாகப் பார்த்து.